நாற்பத்தொன்றாவது படம்

எனக்குக் கொடுத்திருப்பது ஒரு நாற்காலி, இரண்டு திரை,
ஒரு படத்துக்குப் பதினோரு நொடி.
எண் தெளிவாக இருக்கிறதா,
சட்டத்துக்குள் வண்டி ஒன்றுதானா,
நிழல் விழுந்து எட்டு மூன்றாகிவிட்டதா.
இவ்வளவுதான் கேள்வி.
யார் என்று கேட்பதில்லை.
கேமராவும் முதுகைத்தான் பார்க்கிறது.

செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டுக்கு முன்னால்,
ஹில்சைடு அவென்யூ, மாலை நான்கு ஐம்பது.
இருபத்தைந்தில் போகவேண்டிய இடத்தை
ஐம்பத்தொன்றில் கடந்த ஒரு சாம்பல் டொயோட்டா.
பின்கண்ணாடியில் வேளாங்கண்ணி மாதா ஸ்டிக்கர்.
வலப்பக்க விளக்கின் மேல் ஒரு கீறல்.
எண்ணைப் படிக்கவே வேண்டியிருக்கவில்லை.
அந்தக் கீறல் விழுந்தபோது
பின்சீட்டில் நான் இருந்தேன்.

அருளப்பன் அண்ணன்.
குவீன்ஸில் யார் வீடு மாற்றினாலும்
முதலில் வந்து நிற்கும் தோள்.
விமான நிலையம் போய்வந்தால்
பெட்ரோல் காசைத் திருப்பித் தரும் கை.
திரையின் மூலையில் அதே எண்ணுக்குப் பழைய கணக்கு:
பன்னிரண்டு மாதத்தில் நாற்பது.

முதலாவதுக்கும் ஐம்பது டாலர்,
நாற்பதாவதுக்கும் ஐம்பது டாலர்.
"சீட்டுக் கட்டுற மாதிரி கட்டிக்கிட்டே வரேன்மா,
என்னிக்காவது ஒருநாள் எனக்கும் விழும்"
என்று பொங்கல் விருந்தில் சொன்னார்.
எல்லோரும் சிரித்தோம்.
நான் பார்க்கும் வேலை அங்கே யாருக்கும் தெரியாது.
ஏதோ ஆபீஸ், டைப்பிங் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

இப்போது நகரத்தில் வேறு பேச்சு.
எண்ணிக்கை ஏற ஏற அபராதமும் ஏற வேண்டும்.
அதற்கும் அடங்காவிட்டால்
வண்டிக்குள்ளேயே ஒரு பெட்டி வைக்க வேண்டும்,
எவ்வளவு மிதித்தாலும் அளவுக்கு மேல் ஓடாதபடி.
அண்ணனுக்கு அதுதான் பொறுக்கவில்லை.
"மாட்டுக்கு மூக்கணாங்கயிறு, சரி.
மனுஷனுக்குமா?"

மறக்கவில்லை.
இரண்டு வருடத்துக்கு முன்னால், இதே பிப்ரவரி,
விடிகாலை மூன்று மணி.
பனிக்குடம் உடைந்துவிட்டது.
பனிப்புயல், ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றது போன்.
இதே வண்டி, இதே சாலை.
ஒவ்வொரு விளக்கும் சிவப்பாகவே வந்து
சிவப்பாகவே பின்னால் போனது.
திருப்பத்தில் மருத்துவமனைத் தூணில் உரசியது.
"இன்னும் வேகமாப் போங்கண்ணா" என்று
கத்தியது நான்.
நாச்சியார் பிறந்தாள்.

அது ஒரு ராத்திரி.
மற்ற நாற்பதில்
யாருக்குப் பிரசவம்?

படத்தைப் பெரிதாக்கினேன்.
கூடாது என்றில்லை, நொடிதான் போகும்.
இடது ஓரத்தில், பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில்
ஒருவர் பாதி தெரிகிறார்.
நீலக் கோட்டு, கையில் பிளாஸ்டிக் பை,
ஒரு கால் நடைபாதையில்
ஒரு கால் தாரில்.

கேமரா இரண்டு படம் எடுக்கும்.
அடுத்ததில் இரண்டு காலும் நடைபாதையில்.
பை மட்டும் சாலையில் கிடக்கிறது,
அதிலிருந்து ஏதோ உருண்டு போகிறது,
ஆரஞ்சாக இருக்கலாம்.
முகம்
சட்டத்துக்கு வெளியே இருந்தது.

தெரிந்தவர் வண்டி வந்தால் கையைத் தூக்க வேண்டும்,
பயிற்சியில் சொல்லித் தந்தது.
தூக்கினால் படம் பக்கத்து மேசைக்குப் போகும்.
மார்செலா சூயிங்கம் மென்றபடி
ஐந்தே நொடியில் அழுத்திவிடுவாள்.
என் கை சுத்தமாக இருக்கும்.
தூக்கவில்லை.
நானே அழுத்தினேன்.
பதினோரு நொடி எப்போதோ தாண்டியிருந்தது,
திரையில் என் பெயருக்கு நேரே
ஒரு மஞ்சள் புள்ளி எரிந்தது,
தாமதம் என்று.

சனிக்கிழமை நாச்சியாருக்கு இரண்டு வயது.
கேக் எடுத்துவர அண்ணன்தான் போகிறார்.
எத்தனை மணிக்கும்மா வேணும் என்று போன் செய்தார்.
"லேட்டானாலும் பரவாயில்லைண்ணா" என்றேன்.
இன்னொரு முறையும் சொன்னேன்.
அவர் சிரித்தார்:
"நான் என்னிக்கு லேட்டா வந்திருக்கேன்?"